பாலைவனத்துச் சிறுநீரகம்

பூனையால் கடல்நீரைக் குடித்துச் சமாளிக்க முடியும். 1959இல் அமெரிக்க உடலியல் ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை இதைச் சோதித்துப் பார்த்தே சொன்னது. நாம் குடித்தால் கதை வேறு. உள்ளே போன உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகமான நீரை உடல் செலவழிக்க வேண்டிவரும். குடிக்கக் குடிக்க வறண்டு போவோம். பூனையின் சிறுநீரகமோ அவ்வளவு உப்பையும் கொஞ்சம் நீரில் அடைத்து வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை உடலுக்கு நிறுத்திக்கொள்கிறது.

இத்தனை கெட்டிக்கார உறுப்புதான் வயதான பூனையை முதலில் கைவிடுகிறது. பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. பதினைந்தைத் தாண்டியவற்றில் இன்னும் அதிகம். இது குணமாகிற நோய் அல்ல. ஆனால் இதோடு மாதக்கணக்கில், பல சமயம் வருடக்கணக்கில், நன்றாகவே வாழலாம். அப்படி வாழவைக்கும் பராமரிப்பு என்ன என்று பார்த்தால், சிறுநீரகம் இதுவரை சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக வீட்டு மனிதர்கள் கையில் எடுத்துக்கொள்வதுதான். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பத்தியத்துக்கும் பின்னால் அந்த உறுப்பின் ஒரு வேலை இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் நீளமான சீட்டு பயமுறுத்தாது.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரியும் மணல்நிறப் பிராணி. எலி, பல்லி, சிறு பறவை என்று தின்று வாழ்வது. எலியின் உடம்பில் சுமார் 70 சதவீதம் தண்ணீர்தான். சாப்பாட்டிலேயே தண்ணீர் வந்துவிடுகிறபோது குளம் குட்டை தேடி அலைய வேண்டியதில்லை. வந்த நீரைச் சிந்தாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். அதனால்தான் இன்றைக்கும் பூனைக்குத் தாக உணர்ச்சி மந்தம். நாய் மாதிரி ஓடிவந்து கிண்ணத்தைக் காலி செய்யாது.

நான்கு கிலோ எடையுள்ள பூனையின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கும் திரவம் ஏறத்தாழ 14 லிட்டர். வெளியே வரும் சிறுநீர் பெரும்பாலும் 100 மில்லிக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்ச் சேர்கிறது. இந்த வேலையைச் செய்பவை நெஃப்ரான்கள் என்னும் நுண்குழாய்கள். மனிதச் சிறுநீரகம் ஒன்றில் அவை சுமார் பத்து லட்சம். பூனையின் சிறுநீரகத்தில் சுமார் இரண்டு லட்சம்.

நீரைத் திரும்ப எடுக்கும் வித்தை அந்தக் குழாயின் வடிவத்திலேயே இருக்கிறது. நெஃப்ரான் நேராகப் போவதில்லை. சிறுநீரகத்தின் உட்பகுதிக்குள் ஆழமாக இறங்கி, சட்டென்று திரும்பி, வந்த வழியை ஒட்டியே மேலே ஏறுகிறது. இதற்கு ஹென்லே வளைவு என்று பெயர். மேலேறும் பகுதி உப்பை மட்டும் வெளியே தள்ளும், நீரை விடாது. கீழிறங்கும் பகுதியிலிருந்து நீர் வெளியே கசியும். பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஒவ்வோர் இடத்திலும் ஏற்படும் சின்னஞ்சிறு உப்பு வேறுபாடு வளைவின் நீளம் முழுக்கக் கூடிக்கொண்டே போய், அடியாழத்தில் கடுமையான உப்பு மண்டலம் ஒன்று உருவாகிவிடுகிறது. கடைசியில் சிறுநீர் அந்த மண்டலத்தின் ஊடாகத்தான் வெளியேறியாக வேண்டும். போகிற வழியில் அதிலுள்ள நீரை உப்பு உறிஞ்சிக்கொள்கிறது. இப்படி நடக்கக்கூடும் என்று 1942இல் முதலில் எடுத்துச் சொன்ன வெர்னர் கூன் மருத்துவர் அல்ல, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து வேதியியலாளர். உடலியல்காரர்கள் அதை முழுதாக ஏற்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. மனிதரில் சில நெஃப்ரான்களுக்குத்தான் நீண்ட வளைவு உண்டு, பூனைக்கு எல்லாமே நீளம். அதனால்தான் நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியான சிறுநீரை அதனால் கழிக்க முடிகிறது.

வயதாக ஆக நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாக அழிந்து, அந்த இடம் தழும்பாகிறது. அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. மிஞ்சியவை அழிந்தவற்றின் பங்கையும் சேர்த்துச் சுமக்கின்றன. அதிக அழுத்தத்தில், அதிக வேகத்தில் வடிகட்டுகின்றன. கூடுதல் உழைப்பே அவற்றையும் சீக்கிரம் தேய்த்துவிடுகிறது. இந்தச் சுழற்சி உள்ளே நடந்துகொண்டிருக்க, பூனை வெளியே சாதாரணமாக ஜன்னல் திட்டில் படுத்துக் காக்கையை முறைத்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நாள் வரை தெரியாது? மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரான்கள் போன பிறகே சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைவது தெரிகிறது. முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு வரம்பைத் தாண்டுகிறது. ஆக, "இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்று ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் நினைக்கும் நாளில் நோய் பாதி வழியைத் தாண்டியிருக்கும். எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை 2015 முதல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. சராசரியாக 40 சதவீத இழப்பிலேயே அது காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் அறிகுறி பெரும்பாலும் நல்ல செய்தி வேடத்தில் வருகிறது. இத்தனை வருடம் தண்ணீர்க் கிண்ணத்தைச் சீந்தாத பூனை இப்போது அடிக்கடி குடிக்கிறது. "நல்லா தண்ணி குடிக்குது" என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாகின்றன. வாடையும் முன்போல மூக்கைத் துளைப்பதில்லை. அதுவும் சந்தோஷமாகவே இருக்கிறது. சிறுநீர் நீர்த்துப்போனதுதான் காரணம். நீரைப் பிடித்துவைக்க முடியாமல் உடல் இழக்கிறது, இழந்ததை ஈடுகட்டக் குடிக்கிறது.

இன்னோர் அறிகுறி எடை. சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட பூனைகளின் பழைய பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2016இல் வெளிவந்தது. நோய் தெரியவருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே அவை மெல்ல இளைத்துவந்திருந்தன; கடைசி ஓராண்டில் மட்டும் சுமார் 9 சதவீதம். நான்கு கிலோ பூனை 200 கிராம் குறைவது 60 கிலோ மனிதர் மூன்று கிலோ குறைவதற்குச் சமம். மடியில் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்று வாங்கி மாதமொரு முறை நிறுத்துக் காலண்டரில் எழுதிவைப்பது, என்னைக் கேட்டால், விலையுயர்ந்த பல சத்து மருந்துகளைவிடப் பிரயோஜனமான செலவு.

நோயை நான்கு கட்டங்களாகப் பிரித்திருக்கிறது சர்வதேச சிறுநீரக ஆய்வுச் சங்கம். பூனையின் கிரியாட்டினின் 1.6க்குள் இருந்தால் முதல் கட்டம், 2.8 வரை இரண்டாவது, 5 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. மனிதர்களுக்கான வரம்பை வைத்துக்கொண்டு பூனையின் ரிப்போர்ட்டைப் படித்துப் பதறக் கூடாது என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன். 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டாம் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளின் இடைநிலை ஆயுள் அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேல். மூன்றாம் கட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். நான்காம் கட்டத்தில் சுமார் மூன்றரை மாதம். எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் பாதி வைத்தியம்.

இனி வேலைகளுக்கு வருவோம். முதல் வேலை தண்ணீர். உலர் தீனியில் ஈரம் பத்து சதவீதத்துக்குள்தான். பாக்கெட்டில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கும் மேல். எலியின் கணக்குக்கு எது பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர்க் கிண்ணங்களை வீட்டில் நாலைந்து இடங்களில் வைக்கலாம். இதெல்லாம் போதாத கட்டத்தில் தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டிவரும்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பதினான்கு வயதுப் பூனைக்கு இதைத் தானே செய்கிறார். ரிங்கர் லாக்டேட் பாட்டிலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிடுகிறார். பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு: அதுவரைதான், 100 மில்லி. டியூபில் காற்றுக்குமிழி போகும்வரை சொட்டவிட்டுப் பார்க்கிறார். பூனையைச் சாப்பாட்டு மேஜைமேல் பழைய துண்டில் உட்காரவைத்து, இரு தோள்களுக்கு நடுவே தளர்ந்த தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செருகுகிறார். சில நிமிடங்களில் கோட்டைத் தொட்டுவிடுகிறது. இறங்கி நடக்கும்போது பூனையின் முதுகில் ஒட்டகத் திமில்போல ஒரு வீக்கம். கொஞ்ச நேரத்தில் அது சரிந்து ஒரு முன்னங்காலுக்கு இறங்கி, சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொண்டு மறைந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

"ஊசி குத்தறப்பகூட சும்மாதான் இருக்கும் தம்பி. மாத்திரை டப்பாவைத் தொட்டா போதும், பீரோவுக்கு அடியில போயிடும்" என்றார்.

எல்லாப் பூனைகளுக்கும் இது தேவைப்படாது. அளவு, நாள் இடைவெளி எல்லாம் மருத்துவர் சொல்வதுதான். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு அளவு மிஞ்சினால் நெஞ்சுக்குள் நீர் சேர்ந்து மூச்சு முட்டும்.

இரண்டாவது வேலை பாஸ்பரஸ். உணவில் வரும் பாஸ்பரஸின் மிகுதியைக் கழிப்பது சிறுநீரகம். அது தளரும்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்குகிறது. அதைச் சரிக்கட்டச் சுரக்கும் ஹார்மோன்கள் எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழுக்கின்றன, மிஞ்சிய நெஃப்ரான்களும் கெடுகின்றன. சிறுநீரக நோய்க்கென்று விற்கும் உணவுகளின் சூட்சுமம் முக்கியமாக இந்தப் பாஸ்பரஸ் குறைப்புதான். 2000இல் லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜொனாதன் எலியட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அந்த உணவைச் சாப்பிட்ட பூனைகளின் இடைநிலை ஆயுள் 633 நாள். சாப்பிடாதவற்றுக்கு 264 நாள். பூனைச் சிறுநீரக நோயில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிய மாத்திரை ஏதும் இல்லை.

நம் வீடுகளில் பாஸ்பரஸ் வரும் வழி பெரும்பாலும் முள். நெத்திலியைத் தலையோடும் முள்ளோடும் போடுவது, கோழிக் கழுத்தை எலும்போடு வேகவைத்துப் போடுவது, இவற்றை நோயாளிப் பூனைக்கு நிறுத்தத்தான் வேண்டும். கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அதற்காகத் தயிர்சாதத்துக்கு மாற்றிவிடலாம் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். பெரிய தவறு. பூனையின் கல்லீரல் புரதத்தை எரித்தே சக்தி எடுக்கப் பழகியது. உணவில் புரதம் குறைந்தாலும் எரிப்பதை நிறுத்திக்கொள்ளத் தெரியாது. உணவில் இல்லையென்றால் சொந்தத் தசையை எடுத்து எரிக்கும். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. அது குறைந்தால் பூனையின் கண் கெடும் என்று 1975லும், இதயம் கெடும் என்று 1987லும் கண்டுபிடித்தார்கள். இளைத்த பூனையைச் சைவமாக்குவது வைத்தியம் ஆகாது.

பாஸ்பரஸைக் குடலிலேயே கட்டிப்போடும் பொடிகள் உண்டு. அவற்றைச் சாப்பாட்டோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் கட்டிப்போட அங்கே எதுவும் இல்லை, கொடுத்தது வீண்.

பத்திய உணவைப் பூனை ஏற்றுக்கொள்ள வேண்டுமே! ரத்தத்தில் கழிவு ஏறும்போது சதா குமட்டல். கிண்ணத்தருகே ஆசையாக வரும், மோந்து பார்க்கும், உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இது வீம்பு அல்ல. இப்படி இருக்கும் நாளில் புது உணவைத் திணித்தால் குமட்டலையும் அந்த உணவையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஆயுளுக்கும் அதைத் தொடாது. முதலில் குமட்டலை அடக்கவேண்டும், பிறகு பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாரக்கணக்கில் மாற்ற வேண்டும். லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும்பும். பசியைத் தூண்ட மிர்டசபின் என்ற மருந்து இருக்கிறது. வெளிநாடுகளில் அது காதின் உட்புறம் தடவும் களிம்பாகவே கிடைக்கிறது. எதற்கும் மசியவில்லையென்றால், பிடித்த சாதாரண உணவையே கொடுப்பது மேல். சாப்பிடாத பத்தியத்தால் பயன் இல்லை, அதோடு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து வேறோர் ஆபத்து தொடங்கிவிடும்.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பொட்டாசியம் சிறுநீரில் வீணாகப் போய்விடும். மிகவும் குறைந்தால் கழுத்துத் தசை தளர்ந்து, தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் பட உட்கார்ந்திருக்கும். பொட்டாசியம் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ரத்த அணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் ஹார்மோனும் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது. அது குறைந்து ஈறு வெளுத்த பூனைகளுக்காக மொலிடுஸ்டாட் என்ற திரவ மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தின் பொறுப்பு. அது 180ஐத் தாண்டிப் போகும்போது விழித்திரை பிய்ந்து, நேற்றுவரை பார்த்த பூனை இன்று காலை நாற்காலியில் மோதிக்கொள்ளும். நமக்கெல்லாம் தெரிந்த ஆம்லோடிபின் மாத்திரைதான் இதற்கும், துணுக்கு அளவில். உடனே கொண்டுபோனால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்புவதும் உண்டு.

மாத்திரையைத் தொண்டைக்குள் போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை எளிதாக ஒட்டிக்கொள்ளும். சில மருந்துகள் ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும். சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர் பின்னாலேயே போகட்டும்.

நம் மருந்துப் பெட்டி பூனைக்கு விஷப் பெட்டி. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் நொதி பூனைக்குப் போதுமான அளவு கிடையாது. ஒரே ஒரு மாத்திரை உயிரைக் குடித்துவிடும். வலி மாத்திரைகள் பலவும் சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். கல்யாண வீட்டுப் பூங்கொத்தில் வரும் லில்லியைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு, பூனை அதை நக்கினாலே நல்ல சிறுநீரகம்கூட சில நாட்களில் செயலிழக்கும். மல்லிகைக்குப் பயப்பட வேண்டாம்.

பூனைக்கு ஏன் இந்தச் சிறுநீரகச் சாபம்? ஜப்பானிலிருந்து ஒரு சுவாரஸ்யமான விடை வந்திருக்கிறது. தோரு மியாசாகி என்ற மருத்துவ ஆய்வாளர் ஏ.ஐ.எம். என்ற ரத்தப் புரதத்தை 1999இல் விவரித்தார். ரத்தத்தில் அது தனியாகத் திரியாமல் ஐ.ஜி.எம். என்ற பெரிய எதிர்ப்புப் புரதத்தின்மீது ஏறி உலவுகிறது. சிறுநீரகத்தில் காயம் பட்டால் இறங்கி, நுண்குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் செத்த செல்கள்மேல் ஒட்டி, 'இதை அள்ளுங்கள்' என்று மற்ற செல்களுக்கு அடையாளம் காட்டுகிறது. பூனையிலும் அந்தப் புரதம் உண்டு. ஆனால் எலியில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு இறுக்கமாக ஐ.ஜி.எம்.மைப் பற்றிக்கொண்டிருக்கிறது, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. குப்பை அங்கேயே தங்கிவிடுகிறது. 2016இல் இது வெளியானது. வளர்ப்பிடங்களில் வாழும் சிவிங்கிப்புலிகளுக்கும் சிறுநீரக நோய் சகஜம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதுமை, பல் நோய், பழைய தொற்றுகள் என்று பலவற்றின்மீதும் சந்தேகம் இருக்கிறது.

கொரோனா காலத்தில் மியாசாகியின் ஆய்வுக்குப் பணம் நின்றுபோனது. 2021 ஜூலையில் இந்தச் செய்தி வெளியானதும் ஜப்பானியப் பூனைப்பிரியர்கள் தோக்கியோ பல்கலைக்கழகத்துக்குச் சிறு சிறு தொகைகளாக அனுப்பத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் 20 கோடி யென்னைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் பேராசிரியர் பதவியை விட்டு, இந்தப் புரதத்துக்கென்றே தனி ஆய்வுக்கூடம் தொடங்கினார். மருந்து இப்போது பூனைகளிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. பலன் பற்றிப் பெரிய வார்த்தைகள் எழுத இன்னும் நேரம் வரவில்லை.

அமெரிக்காவில் பூனைக்கு மாற்றுச் சிறுநீரகமே பொருத்துகிறார்கள். 1987இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தொடங்கியது. தானம் தந்த பூனையையும் நோயாளியின் குடும்பமே ஆயுளுக்கும் வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. தானம் தருகிற பூனையிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்ற கேள்வியை அந்த நிபந்தனை தீர்த்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசிக் கட்டத்தில் செய்வதைக் குறைப்பதும் பராமரிப்புதான். பூனை வலியைக் குரலில் சொல்லாது. மொன்றியல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல் ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: காது பக்கவாட்டில் சாய்கிறதா, கண் இடுங்குகிறதா, மூக்கு வாய்ப் பகுதி இறுகுகிறதா, மீசை விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. இவற்றோடு சாப்பாடும், தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதும் நின்று, ட்ரிப்ஸ் ஏற்றியும் தேறாத நாட்களே தொடர்ந்து வந்தால், வேதனையில்லாமல் முடித்துவைப்பது பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசலாம். அதைப் பேசுவதில் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் பெரும்பாலான வீடுகள் அந்த இடத்துக்கு வெகு முன்னால் நிற்கின்றன. ஏழு வயதைத் தாண்டிய பூனை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது எடையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிரியாட்டினினும் சிறுநீரின் அடர்த்தியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடர்த்தி பார்க்க ஒரு சொட்டுச் சிறுநீர் போதும்.